ஒத்துக்கல

பிப்ரவரி 11

அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் வீட்டுக்குப் போனீர்களாமே. "என் பொண்ணு ஒத்துக்கல" என்று நடுக்கூடத்தில் நின்று கத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். இப்போது அந்த வீட்டில் அதுதான் பேச்சு. "உங்கப்பாவே சொல்லிட்டாரே, உனக்குப் புள்ளை பெத்துக்கிற இஷ்டமே இல்லன்னு. அப்புறம் எதுக்கு எங்க பையன் ஆஸ்பத்திரிக்கு அலையணும்?" என்று அத்தை கேட்கிறார்கள். உங்கள் மருமகன் லிஃப்ட் ரிப்பேர்காரர் இல்லையா, இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி நிற்கிறார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

எனக்கு இஷ்டம் இல்லையா? மூன்று தடவை கருவை உள்ளே வைத்தார்கள். இரண்டு தடவை ஒட்டவே இல்லை. மூன்றாவது ஒட்டியது. இதயத் துடிப்பைக் காதால் கேட்டேன். பத்தாவது வாரத்தில் போய்விட்டது. வேலை பார்க்கிற குளிர்கிடங்கில் பட்டாணிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நின்றிருந்தேன்; மூன்று அடுக்கு உடைக்குள்ளே சூடாக ஏதோ இறங்கியது. அதை எப்படி மறப்பேன்?

பழைய ஆஸ்பத்திரியில் "அடுத்த தடவை பார்க்கலாம்" என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்தப் புது டாக்டரம்மாதான் ரத்தத்தில் தேடி ஒரு காரணமாவது சொன்னார்கள். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்பொருள், எனக்கு என்னையே எதிர்க்கிறதாம். அதனால் ரத்தம் எளிதில் கட்டிக்கொள்ளும், கருவுக்குச் சத்து போகிற வழி அடைபடும் என்றார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் இருந்தால்தான் நிச்சயம். இதை நம்பி உங்களிடம் சொன்னேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒரு கரு உறைய வைத்திருக்கிறது. ஒன்றே ஒன்று. அதற்குள் நீங்கள் போய் இப்படி ஒரு வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். போனில் எப்போதும் நீங்கள்தான் ஜெயிக்கிறீர்கள். "நீ அன்னிக்கு என்ன சொன்னே தெரியுமா" என்று பழைய பேச்சை அட்சரம் பிசகாமல் எடுத்து வைப்பீர்கள். எனக்கு மறந்திருக்கும். இனிமேல் எதுவானாலும் காகிதத்தில். அங்கே என்ன சொன்னீர்கள்? சொன்னதைச் சொன்னபடி எழுதி அனுப்புங்கள்.

மகள்

பிப்ரவரி 17

மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் ஜெராக்ஸ் கடை அக்கா. ஒரு எழுத்தை மாற்றினாலும் கடை வாசலில் உட்கார்ந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எழுதப் படிக்கத் தெரியாதவன்தான் நான். ஆனால் டயர் கம்பெனி வாசலில் முப்பது வருஷம் நின்றவன். நோட்டில் எழுதுவதற்கு இன்னொருத்தன் இருந்தான். சந்தேகம் வந்தால் நோட்டைப் பார்க்க மாட்டார்கள், என்னைத்தான் கூப்பிடுவார்கள். யார் எந்த ஷிஃப்டில் எந்தச் சட்டையோடு உள்ளே போனான் என்று கேட்பார்கள். அப்படிப்பட்டவனுக்குத் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை தெரியாதா?

நானாகப் போகவில்லை. மருமகன் இங்கே ட்யூப்லைட் மாற்ற வந்தவன், "எங்கம்மா உங்களை ஒரு தடவை வரச் சொன்னாங்க மாமா" என்றான். போனேன். உட்காரவைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். தம்ளரைக் கீழே வைப்பதற்குள் உன் மாமியார் ஆரம்பித்தாள்.

"ஏன் சம்பந்தி, டாக்டரம்மா என்னமோ சொன்னாங்களாமே? உடம்புக்குள்ள ஒரு வாட்ச்மேன் இருப்பானாம், திருடன்னு நெனச்சு வீட்டாளையே அடிக்கிறானாம்?"

"ஆமாங்க. அப்படித்தான் எம்பொண்ணும் சொன்னா."

"அதானே பார்த்தேன். வாட்ச்மேன் பொண்ணுக்கு உள்ளேயும் வாட்ச்மேனா!"

சிரித்தாள். பக்கத்திலிருந்த அவள் அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தான். உன் புருஷன் சிரிக்கவில்லை. ஆனால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எழுந்தேன். நான் சொன்னது இது: "எம்பொண்ணு உடம்பு ஒத்துக்கலன்னு டாக்டர் சொல்றாங்க. அதுல அவ குத்தம் என்ன இருக்கு? உங்க பையனுக்கு ஜலதோஷம் புடிச்சா நாங்க அவன் குத்தம்னு சொன்னோமா?" உடம்பு என்று சொன்னேன். உடம்பு. அந்த ஒரு வார்த்தையை அவள் முழுங்கிவிட்டு, மிச்சத்தை எல்லோருக்கும் பரிமாறுகிறாள்.

அந்த டாக்டரம்மாவுக்கும் ஒன்று சொல். உதாரணத்துக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? முப்பது வருஷத்தில் உள்ளாளை ஒரு தரம் நான் நிறுத்தியது உண்டா? மேனேஜர் தாடி வளர்த்துக்கொண்டு வந்தபோதுகூட நடையை வைத்துக் கண்டுபிடித்துக் கதவைத் திறந்தவன் நான்.

இன்னொன்று. இதைக் கேட்கத்தான் முதலில் நினைத்தேன். "மிச்சம் இருக்கிற ஒண்ணை எங்க பெரிய பொண்ணு வயித்துல வெச்சுடலாம். ரெண்டு பெத்தவ, நல்ல உடம்பு. உங்க பொண்ணு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சது" என்றாள் உன் மாமியார். இவ்வளவு தூரம் பேசி வைத்திருக்கிறீர்கள், பெற்றவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? நான் என்ன தெருவில் போகிறவனா?

அப்பா
(இடது பெருவிரல் ரேகை)

எழுதியவள் குறிப்பு: சம்பந்தியம்மாவைப் பற்றி அப்பா சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் நான் எழுதவில்லை. கேட்டால் எழுதியிருந்தது என்று சொல்லிவிடு.

பிப்ரவரி 23

அப்பாவுக்கு,

எனக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தை வேலைக்கு நடுவே, உடை மாற்றுகிற அறையில் படித்தேன். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. என் கருவை எங்கே வைப்பது என்று அவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அது எனக்கு ஜெராக்ஸ் கடை வழியாகத் தெரிய வருகிறது.

அவரைக் கேட்டேன். "அம்மா சும்மா ஒரு யோசனை சொன்னாங்க. அதைப் போய்ப் பெரிசு பண்றே" என்றார். நாத்தனாரை அவர் எதிரிலேயே போனில் கூப்பிட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "என்னை யாரு கேட்டா? எங்கம்மா தானா முடிவு பண்ணிடுச்சா? என் வயிறு என்ன, காலியா கிடக்குற வாடகை வீடா?" அந்த வீட்டில் எனக்காகப் பேச ஒருத்தி இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாத்தனார் சுமப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, மனசு வைத்துக் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். டாக்டரம்மாவிடமும் கேட்டிருப்பேன். என் முதுகுக்குப் பின்னால் ஏன்? பெட்டி மாற்றுகிற மாதிரி ஏன்? கிடங்கில் நாங்கள் ஒரு பெட்டியை இந்த அடுக்கிலிருந்து அந்த அடுக்குக்கு மாற்றவே அதற்குப் பொறுப்பானவரைக் கேட்கிறோம். ஒரு தடவை வெளியே எடுத்து உருகிவிட்டால் மறுபடி உறையவைக்க முடியாது என்பது அங்கே துடைப்பம் பிடிக்கிறவருக்கும் தெரியும்.

இப்போது உங்கள் மேல் இருக்கிற கோபத்துக்கு வருகிறேன். என் கருப்பை விஷயம் அந்தக் கடையில் ஜெராக்ஸ் எடுக்க வருகிற எல்லோர் காதிலும் விழுகிறது. நீங்கள் உரக்கச் சொல்லாமல் சொல்ல மாட்டீர்கள், உங்கள் குரல் எனக்குத் தெரியாதா? அக்கா நல்லவள்தான். ஆனாலும் நான் அவளுக்கு எழுதவில்லை.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் வேண்டும். டாக்டரம்மா கேட்கிறார்கள்: குடும்பத்தில் யாருக்காவது கரு கலைந்திருக்கிறதா, காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா? கேட்கலாமென்றால் அம்மா இல்லை, அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. என் அம்மாவைப் பற்றி எனக்கே தெரியாது என்று ஒரு வெளியாளிடம் சொல்ல எவ்வளவு கேவலமாக இருந்தது தெரியுமா? மேனேஜர் நடையெல்லாம் ஞாபகம் இருக்கிறதே. இதையும் கொஞ்சம் ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள்.

மகள்

மார்ச் 6

மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது.

என் குரலைக் குறை சொல்கிறாய். சரி. உன் விஷயம் இனி யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதற்கு ஒரு வழி பண்ணிவிட்டேன். இந்தக் காகிதத்தை மூன்றாக மடித்திருக்கிறேன். மேல் மடிப்பு ஜெராக்ஸ் அக்கா எழுதுகிறாள். நடு மடிப்பு பார்சல் ஆபீஸ் கிளார்க். கடைசி மடிப்பு சலூன்காரர். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் பார்க்க முடியாதபடி கிளிப் போட்டுக் கொடுக்கிறேன். உன் கடிதம் வந்தாலும் இனி இப்படித்தான், ஆளுக்கு ஒரு மடிப்பு படிப்பார்கள். சேர்த்து வைத்துக்கொள்ள எனக்கு மண்டை இருக்கிறது. இதற்கு மேல் ஒரு வாட்ச்மேன் என்ன காவல் காப்பான்? இதோடு அக்கா பேனாவை மூட வேண்டும்.

மேற்படியாரின் மனைவிக்கு, தாங்கள் பிறப்பதற்கு முன்னர் இருமுறை கரு கலைந்தது. முதலாவது நான்காம் மாதம். இரண்டாவது அதற்கும் முன்பே. இரண்டாவதற்குப் பிறகு இடது கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதையைத் தொட விடவில்லை. குளிர் நாட்களில் தொடையில் ஊதா நிறத்தில் வலை பின்னியது போலக் கோடுகள் தெரியும். "இது என்ன புள்ள, தோலுக்குள்ள மீன் வலை?" என்று மேற்படியார் கேட்டதற்கு, "பேசாம படுங்க" என்று அவர் பதிலளித்தார். அக்காலத்தில் காட்டிய மருத்துவர், நின்றுகொண்டே வேலை செய்வதால் வந்தது என்றார். ஏன் இதுவரை மகளிடம் தெரிவிக்கவில்லை என்று கேட்பீர்களாயின், மனைவி அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து அடுத்த அறைக்குச் செல்வார். அவர் மூடிய கதவைத் தாம் திறப்பதில்லை என்று மேற்படியார் மேசையைத் தட்டித் தெரிவிக்கிறார்.

அம்மா, நான் சலூன்காரன் எழுதறேன், எனக்கு விஷயம் ஒண்ணும் தெரியாது. அப்பா சொல்றது: உன் புருஷனை மின்விசிறியைப் பாக்கறத நிறுத்தச் சொல்லு. அவனுக்கு நாக்குன்னு ஒண்ணு இருந்தா அதை அவங்கம்மா எதிர்ல வெளியே எடுக்கச் சொல்லு. இல்லாட்டி முடி வெட்டிக்க என் கடைக்கு வர்றப்ப பேசிக்கறேன். (கடை என்னுது. ஆனா சொன்னது அப்பா.)

(இடது பெருவிரல் ரேகை)

ஏப்ரல் 29

அப்பாவுக்கு,

மூன்று கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தால் மனுஷி எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் கோபமாகத்தான் இருக்கிறேன். அம்மாவின் காலைப் பற்றி நான் ஒரு பார்சல் கிளார்க் மூலமாகத் தெரிந்துகொண்டேன்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். "தெரிஞ்சுக்கறது நல்லது. ஆனா அம்மாவுக்கு இருந்ததை வெச்சு உங்களுக்கு முடிவு பண்ண முடியாது. உங்க ரத்தம்தான் சொல்லணும்" என்றார்கள். ரத்தம் சொல்லிவிட்டது. இரண்டாவது தடவையும் இருக்கிறது. ஊசி தினம் வயிற்றில் போட வேண்டும், கூடவே சின்ன மாத்திரை ஒன்று. "இது ஒட்ட வெக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஒட்டினது கலையாம இருக்க உதவலாம். இது இருக்கிற எல்லாருக்கும் கலையறதும் இல்ல, ஊசி போட்ட எல்லாருக்கும் நிக்கறதும் இல்ல" என்றார்கள். இவ்வளவு நாளில் எனக்கு யாரும் இப்படி நேராகப் பேசியதில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், நிம்மதியில்.

சனிக்கிழமை அத்தையும் அவர்கள் அண்ணனும் ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு வந்தார்கள். நாத்தனார் பேரை அவளைக் கேட்காமலே எழுதியிருந்தார்கள். என் இடம் மட்டும் காலி. ஒரு மணி நேரம் பேசினார்கள். பேனாவை என் கையிலேயே திணித்தார்கள். நான் ஒத்துக்கொண்டேன்

என்று அவர்கள் ஊரெல்லாம் சொல்வார்கள், நம்பாதீர்கள். பேனாவை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டேன். காகிதத்தை அவர்கள் எடுத்துப் போகட்டும், என் கையெழுத்து இல்லாமல் அது வெறும் காகிதம்.

ஊசி ஆரம்பிக்கப்போகிறேன். தேதி தெரிந்ததும் எழுதுகிறேன்.

மகள்

மே 4

மகளுக்கு,

ஜெராக்ஸ் அக்காதான் எழுதுகிறாள். மூன்று பேரைத் தேடுகிற பொறுமை இன்று இல்லை.

நீ ஒத்துக்கொண்டாயா?

மேல் மடிப்பை அக்கா படித்தாள். ரத்தம் சொல்லிவிட்டது என்றாய், ஊசி என்றாய், டாக்டரம்மா நேராகப் பேசினாள் என்றாய். கேட்டுக் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். கடைசி வரி வந்தது. "பேனாவை என் கையிலேயே திணித்தார்கள். நான் ஒத்துக்கொண்டேன்." அக்கா நிறுத்திவிட்டாள், மடிப்பு முடிந்துவிட்டது. நடு மடிப்புக்குக் கிளார்க் ஊரில் இல்லை. இதற்கு மேல் எனக்கு என்ன படிக்க வேண்டிக்கிடக்கிறது?

உனக்காக அந்த வீட்டுக் கூடத்தில் நின்று அவமானப்பட்டேன். உன் அம்மாவின் காலைப் பற்றி ஊரான் ஒருத்தனிடம் சொன்னேன். அவள் இருந்திருந்தால் என் முகத்தில் விழித்திருக்க மாட்டாள். இவ்வளவுக்கும் பிறகு ஒரு பேனாவைப் பார்த்துப் பயந்துவிட்டாயா? உன் வாய் எங்கே போனது? என்னிடம் மட்டும்தான் நீளுமா?

நேற்றே கிளம்பி உன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தக் காகிதத்தை வாங்கக்கூடாது என்று டாக்டரம்மாவிடம் சொல்லலாம் என்று. கேட்டில் வாட்ச்மேன், என் வயசில் பாதிகூட இல்லை.

"யாரைப் பார்க்கணும் பெரியவரே?"

"டாக்டரம்மாவை."

"பேஷன்ட் யாரு?"

"எம்பொண்ணு."

"அவங்க கூட வந்தாத்தான் விடுவோம். நோட்டுல பேரெழுதிட்டு அப்படி ஓரமா நில்லுங்க."

எழுதத் தெரியாது என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. ஓரமாக நின்றேன். வெயில் சுட்டது. திரும்பிவிட்டேன்.

கோபத்திலும் ஒன்று சொல்கிறேன். அவன் சரியாகத்தான் வேலை பார்த்தான்.

(இடது பெருவிரல் ரேகை)

மே 9

அப்பாவுக்கு,

அடுத்த மடிப்பைப் படிக்காமல் ஆஸ்பத்திரி வரைக்கும் போனீர்களா? அடுத்த மடிப்பில் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "என்று." நான் ஒத்துக்கொண்டேன் என்று அவர்கள் ஊரெல்லாம் சொல்வார்கள், நம்பாதீர்கள். இதுதான் நான் எழுதினது. கிளார்க் ஊரிலிருந்து வந்ததும் போய்ப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வந்துவிட்டாரா? கேட்டீர்களா? கேட்டும் போன் பண்ணக்கூடாது என்று சும்மா இருக்கிறீர்களா?

அத்தை "உடம்பு" என்ற வார்த்தையை விழுங்கினார்கள் என்று அவ்வளவு திட்டினீர்களே. நீங்கள் "என்று" என்ற வார்த்தையை விழுங்கியிருக்கிறீர்கள். இரண்டு பேரும் சம்பந்திகள் ஆனது பொருத்தம்தான்.

அன்று நடந்ததை முழுசாகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தை மடிக்காதீர்கள், அக்காவே முழுசாகப் படிக்கட்டும். தெரிந்தால் தெரியட்டும்.

அத்தை சொன்னார்கள்: "உன் உடம்புதான் ஒத்துக்க மாட்டேங்குதே, நீயாவது ஒத்துக்கோயேன்." அவர்கள் அண்ணன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அப்போது எனக்கு உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது. உடம்பு, உடம்பு என்று நீங்கள் அடித்துக்கொண்டது. என் உடம்பு மூன்று தடவை ஒத்துக்கொள்ளாதபோது என்னை யாரும் கேட்கவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக என்னைக் கேட்கிறார்கள்.

சொன்னேன், "ஒத்துக்கல." அவர்களுக்குப் புரியவில்லை. "டாக்டர் சொன்னதுதானே, தெரியுமே" என்றார்கள். "டாக்டர் சொன்னது உடம்பை. இது நான் சொல்றது. நான் ஒத்துக்கல" என்றேன். அப்புறம்தான் பேனா ஜன்னலுக்கு வெளியே போனது. கீழ் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார், அது வேறு கதை.

உங்கள் மருமகன் அன்று மின்விசிறியைப் பார்க்கவில்லை. அவர்கள் போன பிறகு, "நானும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். அவர்கள் இருக்கும்போது சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் ஊசியைத் தினமும் அவர்தான் போடுகிறார். வயிற்றில் ஒரு நாணயம் அளவுக்கு நீலம் நீலமாக இருக்கிறது. நாத்தனார் பார்த்துவிட்டு, "என்னடி, யாரோ சீல் குத்தின மாதிரி இருக்கு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அவள் அழுதாள்.

மே இருபத்திரண்டு காலையில் உள்ளே வைக்கிறார்கள். கடைசி ஒன்று. ஒட்டுமா, நிற்குமா, எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. போய்விட்டாலும் என்னிடமிருந்துதான் போக வேண்டும்.

அத்தை அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் எனக்குச் சத்தம் வேண்டாம்.

அதனால் கேட்கிறேன். சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஒரு வாட்ச்மேன் வேண்டும். நான் படுத்திருக்கிற அறை வாசலில் வந்து உட்காருங்கள். என் பெயரைச் சொல்லுங்கள், கேட்டில் விடுவார்கள். நோட்டில் நானே எழுதிவைக்கிறேன். உள்ளே விட வேண்டியவர்கள் நாத்தனார், அப்புறம் உங்கள் மருமகன், அவர் தனியாக வந்தால். வேறு யாரும் வேண்டாம். நடையை வைத்துக் கண்டுபிடிப்பீர்களே.

மகள்

மே 13

மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அதனால் ஜெராக்ஸ் அக்கா ஒருத்தியே முழுசாக எழுதுகிறாள்.

கிளார்க் ஏழாம் தேதியே வந்துவிட்டான். நடு மடிப்பைப் படித்தான். "என்று" என்று ஆரம்பித்தான். "இன்னொரு தரம் படி" என்றேன். படித்தான். எழுந்து வந்துவிட்டேன். அதற்கு மேல் நான் என்ன சொல்வது? காகிதத்தில் எழுதச் சொன்னது நீ. ஒரு வரியை மடிப்பில் கொண்டுபோய் உட்காரவைத்ததும் நீ. எனக்கு இன்னும் கோபம்தான்.

வருகிறேன். இஸ்திரி போட்ட பழைய காக்கிச் சட்டை இருக்கிறது, பட்டன் ஒன்று இல்லை. சலூன்காரர் வீட்டில் தைத்துக் கொடுக்கிறார்கள். அந்த கேட் வாட்ச்மேனை நேற்றே போய்ப் பார்த்தேன். "பெரியவரே, மறுபடியுமா?" என்றான். என் சர்வீஸைச் சொன்னேன். அன்றைக்கு மட்டும் உள் வாசலுக்கு ஒரு நாற்காலி போட்டுத் தருகிறானாம். நல்லவன். ஆனால் நிற்கும்போது சாய்ந்து நிற்கிறான், அது தப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

நாத்தனாரை விடுவேன். மருமகன் தனியாக வந்தால் விடுவேன், கையில் பை இருந்தால் பார்த்துவிட்டு விடுவேன். உள்ளே வைக்கிற அந்த ஒன்றை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை, அது உள்ளாள். அது எவ்வளவு நாள் தங்கினாலும் உள்ளாள்தான்.

உன் மாமியார் வந்தால் கத்த மாட்டேன். அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் கத்த மாட்டேன். என்ன சொல்வது என்று யோசித்து, அக்காவிடம் நாலு தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகச் சொல்வேன்:

"மன்னிக்கணும் சம்பந்தி. வாட்ச்மேன் ஒத்துக்கல."

(இடது பெருவிரல் ரேகை)